வைக்கோல் போருக்குள் ஓர் ஆயில் டின்

மச்சான்,

இன்று மத்தியானம் சின்ன மாப்பிள்ளையின் கார் வாசலில் வந்து நின்றதும் அந்த வாசனை அடித்தது. சூடான சைலன்சர் குழாயில் எஞ்சின் ஆயில் சொட்டிக் கருகுமே, அதே வாசனை. மாப்பிள்ளை உள்ளே போய்க் காபி குடிக்க உட்கார்ந்ததும் நான் துண்டைத் தரையில் போட்டுக் காருக்கு அடியில் எட்டிப் பார்த்தேன். குனிந்தது சுலபமாக இருந்தது. எழுந்திருக்கத்தான் கதவின் கைப்பிடியைப் பிடித்துத் தொங்க வேண்டியிருந்தது. உன் தங்கச்சி வந்து பார்த்துவிட்டாள்.

"இந்த வயசுல வண்டி அடியில இன்னா வேலை ஒங்களுக்கு? எங்க அண்ணன் இருந்திருந்தா அதுவும் பக்கத்துல வந்து படுத்திருக்கும்" என்றாள். சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்கே உறைத்தது போலிருக்கிறது. சட்டென்று உள்ளே போய்விட்டாள். நீ போய், வருகிற ஆடியோடு மூன்று வருஷம் முடிகிறது. நான் கையைக் கழுவிக்கொண்டு வந்து இதை எழுத உட்கார்ந்தேன்.

நம் வேன் ஒழுகிய கதையை நாம் எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கிறோம். நீ சொல்லும்போது நான் முட்டாள், நான் சொல்லும்போது நீ முட்டாள். இப்போது மறுத்துப் பேச நீ இல்லை என்பதால் கொஞ்சம் நேர்மையாகவே சொல்கிறேன்.

வில்லியனூர் அரிசி மில்லில் நாம் இருவரும் ஒரே லாரியில் ஓடிய காலத்தில் நீ என்னை எப்படியெல்லாம் கூப்பிட்டாய் என்று இங்கே எழுத முடியாது, பேத்தி எடுத்துப் படித்துவிடுவாள். ஒரே தூக்கு வாளியில் இருவரும் கை போட்டுச் சாப்பிட்டவர்கள். பிறகு உன் தங்கச்சியை எனக்குக் கொடுத்தாய். மறுவீட்டு விருந்துக்குப் பாகூரில் உன் வீட்டுப் படி ஏறினால், வேட்டியை இறக்கிவிட்டுக்கொண்டு, "வாங்க மாப்ள, ஒக்காருங்க" என்றாய். எனக்குப் பின்னால் வேறு யாரோ வருகிறார் என்று நான் திரும்பிப் பார்த்தேன். என் இலையில் கறியை அள்ளி வைத்துவிட்டு நீ தள்ளிப் போய் நின்றாய். உன் அம்மாவும் அப்பாவும் பார்த்துக்கொண்டிருந்தார்கள், வேறு என்ன செய்வாய். ஆனால் யாரும் இல்லாத இடத்திலும் அந்த 'ங்க' போகவே இல்லை. மாப்பிள்ளை ஆனவனை அதட்டக் கூடாது, கேள்வி கேட்கக் கூடாது, அவன் செய்ததில் குறை சொல்லக் கூடாது. நான்கு வருஷம் அப்படியே ஓடியது. எனக்குள் எரிச்சலாகத்தான் இருந்தது. ஆனால் மரியாதை வேண்டாம் என்று எப்படிக் கேட்பது?

அதற்கு நடுவில்தான் கூட்டாக வேன் வாங்கினோம். புதுச்சேரியில் ஒரு மருந்துக் கடைக்காரர் பத்து வருஷம் ஓட்டிக் களைத்துப்போன வண்டி. முன்சீட் இரண்டுக்கும் நடுவில், இரும்பு மூடிக்கு அடியில் எஞ்சின். மேலே சாக்கை மடித்துப் போட்டாலும் இடது தொடை வெந்துபோகும். ஆயில் அளவு பார்க்கும் கம்பி எப்போதோ தொலைந்து, வேறெதோ வண்டியின் கம்பியை வெட்டிச் செருகியிருந்தார்கள். அதில் கோடு கிடையாது. இழுத்துப் பார்த்தால் நுனி நனைந்திருக்க வேண்டும், அவ்வளவுதான் நம் அளவு. விடியற்காலையில் நீ கத்தரிக்காயும் வெண்டைக்காயும் ஏற்றிக்கொண்டு புதுச்சேரி மார்க்கெட்டுக்குப் போவாய். வந்து சாவியைக் கொடுப்பாய். மதியத்துக்கு மேல் நான் மில் அரிசி, புண்ணாக்கு, கல்யாண வீட்டுப் பாத்திரம் என்று கிடைத்ததை ஏற்றுவேன். பொழுது போனதும் வண்டியை உன் வீட்டு வைக்கோல் போர் பக்கத்தில் விட்டுவிட்டு நடந்து வீட்டுக்குப் போவேன். நான் வில்லியனூரை விட்டுப் பாகூருக்கே குடி வந்ததால், உங்கள் தெருவில் என்னை வீட்டோடு மாப்பிள்ளை என்று ஏற்கெனவே கேலி பேசிக்கொண்டிருந்தார்கள்.

அந்தத் தை மாதம், கரையாம்புத்தூரிலிருந்து வாய்க்கால் கரை வழியாகத் திரும்பும்போது வண்டியின் அடிவயிற்றில் ஒரு கல் 'கடக்'கென்று இடித்தது. மறுநாள் மதியம் சாவியை வாங்கப் போனால் வண்டிக்கு அடியில் உள்ளங்கை அகலத்துக்குக் கறுப்பாக ஆயில். ஆயில் தொட்டியை உடைத்துவிட்டேன் என்று முடிவு செய்துவிட்டேன். உன்னிடம் சொல்லியிருக்கலாம். சொன்னால் நீ திட்ட மாட்டாய், அதுதான் சங்கடம். "பரவால்ல மாப்ள" என்று சிரித்துக்கொண்டே செலவைப் பார்ப்பாய். தெரு முழுக்க, மாப்பிள்ளை வண்டியைக் கெடுத்துவிட்டான் என்று பேசுவார்கள். அதனால் ஓர் ஆயில் டின் வாங்கி எங்கள் வீட்டு அரிசி டிரம்முக்குப் பின்னால் ஒளித்து வைத்தேன். தினம் அதில் கொஞ்சம் ஒரு பாட்டிலில் ஊற்றிச் சீட்டுக்கு அடியில் கொண்டுபோய், ஏரிக்கரை திருப்பத்தில் யாரும் இல்லாத இடமாகப் பார்த்து நிறுத்தி எஞ்சினுக்குள் ஊற்றினேன். கம்பியை இழுத்துக்கூடப் பார்க்கவில்லை. சொட்டுகிற வண்டியில் குறையாமலா இருக்கும் என்பது என் கணக்கு.

ஊற்ற ஊற்ற ஒழுக்கு அதிகமானது. உள்ளங்கை அகலம் முறத்தளவு ஆனது. எஞ்சினின் பின்பக்கம் முழுக்க ஈரம், கிளட்ச் வழுக்கியது, பின்னால் நீலப் புகை. இனி மறைக்க முடியாது என்றானதும் இருவரும் முதல் முறையாகப் பார்த்தது போல முகத்தை வைத்துக்கொண்டு வில்லியனூர் மெக்கானிக்கிடம் போனோம். அவர் அடியில் படுத்துப் பார்த்துவிட்டு எழுந்து கையைத் துடைத்தார்.

"பின்னால ஆயில் சீல் போயிருக்கும்பா. எஞ்சின எறக்கித்தான் பாக்கணும். எறக்கினா இன்னும் இன்னா இன்னா போயிருக்கோ. பழைய வண்டி, வித்துட்டுப் போங்க."

திரும்பி வரும்போது நீ ஓட்டினாய். உறுவையாறு தாண்டியதும், "மாப்ள இன்னா சொல்றீங்களோ அதான்" என்றாய். "மச்சான் இஷ்டம் எப்படியோ அப்படி" என்றேன். விற்கலாம் என்று நீயும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. ஆனால் வீடு வந்து சேர்வதற்குள் விற்பது என்று ஆகிவிட்டது.

என் பெரிய மகளுக்கு மாசி மாதம் காது குத்து வைத்திருந்தோம், நினைவிருக்கிறதா? எங்கள் குலதெய்வக் கோயிலில், திருக்கனூர் பக்கம். தாய்மாமன் மடியில் உட்கார வைத்துக் குத்த வேண்டும். எல்லாரும் நம் வேனிலேயே போவதாகத்தான் ஏற்பாடு. மெக்கானிக்கைப் பார்த்துவிட்டு வந்த அடுத்த வாரம் உன் தங்கச்சி உன் வீட்டிலிருந்து கண்ணைத் துடைத்துக்கொண்டே வந்தாள்.

"வேன வித்ததும் எங்க அண்ணன் விழுப்புரத்துக்கு லாரி ஓட்டப் போவுதாம். காது குத்துக்கு பஸ்ல வந்து மடியில வச்சி குத்துனதும் கெளம்பிடுமாம். விருந்தாளியாட்டம் வந்துட்டுப் போறதுக்கா அது மாமன்? ஒங்க ரெண்டு பேருக்குள்ள இன்னாதான் ஆச்சி?"

ஒன்றும் ஆகவில்லை என்றேன். அது உண்மையும்கூட. சண்டை போட்டிருந்தால் சமாதானம் பேச ஆள் வந்திருப்பார்கள். அன்று எனக்கு நன்றாகத் தெரிந்தது, வேன் போவது எனக்குப் பெரிதில்லை, நீ போவதுதான் தாங்கவில்லை. விழுப்புரம் போனவன் பொங்கலுக்குத் துணி வைத்துக் கொடுக்க வருவான், 'சாப்பிடுங்க மாப்ள' என்பான், போய்விடுவான். பழைய ஆளை நான் மறுபடி பார்க்கவே போவதில்லை என்று பட்டது. இதை உன்னிடம் வந்து சொல்லத் தெரியாமல் வீட்டிலேயே உட்கார்ந்திருந்தேன். உனக்கு என்மேல் ஏதோ கோபம் என்று நான் நினைத்தேன். எனக்கு உன்மேல் கோபம் என்று நீ நினைத்துக்கொண்டிருந்தாய்.

வண்டியைப் பார்க்கத் திருக்கனூரிலிருந்து மல்லாட்டைக் கடலை வாங்கி விற்கும் பாய் ஒருவர் வந்தார். காலை பத்து மணி இருக்கும். வெள்ளைச் சட்டைக் கையை மடித்துக்கொண்டு எஞ்சின் மூடியைத் தூக்கச் சொன்னார். அவரிடமும் இதே மாதிரி வண்டி ஒன்று இருந்ததாம்.

"ஒரு நாளைக்கு எவ்ளோ ஆயில் கேக்குது?" என்றார்.

"அவ்ளோலாம் இல்ல பாய்" என்றாய் நீ.

"கொஞ்சந்தான்" என்றேன் நான். நீ என்னைப் பார்க்கவில்லை, நானும் உன்னைப் பார்க்கவில்லை.

பாய் கம்பியை உருவித் துணியால் துடைத்து, மறுபடி விட்டு எடுத்தார். எடுத்தவர் அதைக் கண்ணுக்கு நேராகப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றார். "இன்னாப்பா இது, கைப்பிடி வரைக்கும் நனஞ்சி வருது! ஒழுவுற வண்டில ஆயில் கொறையணும். இதுல ஏறிக்கினு போவுதே?"

அந்த நேரம் பார்த்துத்தான் உன் தங்கச்சி வந்தாள். இடுப்பில் ஒரு டின், கையில் ஒரு டின். இடுப்பில் இருந்ததில் வைக்கோல் ஒட்டியிருந்தது. இரண்டையும் வேனின் படியில் 'டங்'கென்று வைத்தாள்.

"இது எங்க வூட்டு அரிசி டிரம்முக்குப் பின்னால இருந்தது. இது எங்க அண்ணன் வூட்டு வைக்கோல் போருக்குள்ள இருந்தது. மாட்டுக்கு வைக்கோல் புடுங்கப் போயி கைய கீறிக்கினேன். ரெண்டு பேருல யாரு மாட்டுக்கு ஆயில் ஊத்துறது?"

பாய் முதலில் சிரித்தார். நாம் சிரிக்கவில்லை. நீ டின்னைப் பார்த்தாய், பிறகு என்னைப் பார்த்தாய்.

"நீங்களும் ஊத்துனீங்களா மாப்ள?"

"நீ எதுக்கு ஊத்துன?"

"ஒழுவுதேன்னுதான்."

"எனக்கும்தான் ஒழுவுச்சி."

"எங்கிட்ட சொல்லியிருக்கலாம்ல?"

"நீ சொன்னியா?"

உன் முகம் சிவந்துகொண்டே வந்ததை இப்போதும் பார்க்கிறேன். "டேய், அறிவு கெட்டவனே! காலைல எழுந்ததும் நான் ஊத்தறேன். மத்தியானம் நீயும் ஊத்தினா எஞ்சின் இன்னாடா பண்ணும்? பீய்ச்சி அடிக்காம இன்னா பண்ணும்?" தெருவே திரும்பிப் பார்த்தது. உன் தங்கச்சி, "அண்ணா, மாப்பிள்ளைய..." என்று வாயைப் பொத்திக்கொண்டாள். நான் பதிலுக்கு உன்னைச் சொன்னதையும் இங்கே எழுதப் போவதில்லை. நான்கு வருஷத்துக்கும் சேர்த்துத் திட்டிக்கொண்டோம். எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம் தாங்கவில்லை மச்சான்.

பாய் நம்மைக் கத்தி முடிக்கவிட்டார். பிறகு, "இந்த வண்டி எனக்கு வாணாம்பா. இதுக்கு நோவு ஒண்ணும் பெருசா இல்ல, அஜீரணம். மொதல்ல எல்லாத்தையும் எறக்குங்க. எறக்கிட்டு அளவா ஊத்தி ஓட்டிப் பாருங்க, அப்பறமும் ஒழுவுனா அது நெசமான ஒழுக்கு" என்றார். தன் வண்டிக்கு எவ்வளவு பிடிக்கும் என்றும் சொன்னார். உன் அம்மா கொடுத்த மோரைக் குடித்துவிட்டுப் பஸ் ஏறிப் போனார். வண்டி வாங்க வந்தவர் வண்டியை நமக்கே விட்டுவிட்டுப் போனார்.

நாம் உடனே அடியில் படுத்தோம். நீ ஸ்பானரைப் போட்டு அடி நட்டைக் கழற்றினாய். ஒரு வாளி நிறைந்தது, நிற்கவில்லை. நான் உருண்டு போய் மாட்டுக்குக் கழுநீர் வைக்கும் குண்டானை இழுத்து வந்தேன். அதிலும் பாதிக்கு மேல் வந்தது. நீ சிரிக்க ஆரம்பித்தாய். படுத்தபடி சிரித்ததில் ஆயில் உன் காதுக்குள் போய்விட்டது. அப்போதும் சிரிப்பு நிற்கவில்லை.

பாய் சொன்ன அளவுக்குப் புது ஆயில் ஊற்றி, கம்பியில் அரத்தால் ஒரு கோடு போட்டு, இரண்டு நாள் ஓட்டினோம். நீலப் புகை நின்றது. முறத்தளவு ஒழுகியது உள்ளங்கை அகலத்துக்கு வந்தது. ஆனால் அந்த உள்ளங்கை அகலம் மட்டும் போகவில்லை. அதுதான் பாய் சொன்ன நிஜமான ஒழுக்கு. எஞ்சின் பின்பக்கம் ஒரே பிசுக்கு, எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்க வழியில்லை. மண்ணெண்ணெய் போட்டு பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவி வெயிலில் காயவைத்தோம். அப்போது உன் தங்கச்சிதான், "ஈரம் தெரியணும்னா மாவ தூவுங்களேன்" என்று கோலமாவுக் கொட்டாங்குச்சியை நீட்டினாள். மெல்லிய துணியில் கட்டி எஞ்சின் முழுக்கத் தட்டினோம். கறுத்த எஞ்சின் வெளுத்துப் போய் நின்றது. ஸ்டார்ட் செய்து கொஞ்ச நேரம் ஓடவிட்டுவிட்டு, உன் சவரக் கண்ணாடியைப் பின்பக்கம் நீட்டிப் பார்த்தோம். அடியில் இல்லை. மேல்மூடியின் பின்மூலையில் தொடங்கி ஒரு கறுப்புக் கோடு மாவில் மெல்ல இறங்கிக்கொண்டிருந்தது. மேலே கசிந்தது வழிந்து வந்து கீழே சொட்டியிருக்கிறது.

நீ கண்ணாடியைக் கீழே வைத்தாய். "நான்தான்டா" என்றாய். "பொங்கலுக்கு மறுநாள் அந்த மூடியத் தொறந்து டாப்பெட் சத்தம் போட்டுதுன்னு சரி பண்ணேன். ஆயில் கசியாம மூடிக்கு அடியில வக்கிற தக்கை பேக்கிங் கிழிஞ்சிருந்தது. பழசையே வச்சி மூடிட்டேன். ஒழுவ ஆரம்பிச்சதும் ஒனக்குத் தெரிஞ்சா இன்னா நெனப்பியோன்னு பயந்துட்டேன்."

"எனக்கா பயந்த?"

"மாப்பிள்ளையாச்சே."

அப்போதுதான் நானும் வாய்க்கால் கரைக் கல்லைப் பற்றிச் சொன்னேன். நீ மறுபடி அடியில் படுத்துத் தடவிப் பார்த்து, "நகக்கீறல் அளவுக்குக் கூட இல்லடா" என்றாய். செய்யாத தப்புக்காக ஒரு மாதம் நான் தூங்காமல் கிடந்திருக்கிறேன்.

புதுத் தக்கை பேக்கிங் வாங்கி வந்து வைத்தோம். போல்ட்டை நீ ஒரே முறுக்காக முறுக்கப் போனாய், நான் கையைத் தட்டிவிட்டேன். இதற்கு ஒரு சுற்று, எதிர்ப்பக்கம் ஒரு சுற்று என்று மாற்றி மாற்றி இறுக்கினோம். பொழுது சாய வண்டிக்கு அடியில் தினசரிப் பேப்பரை விரித்துவிட்டுப் போனேன். மறுநாள் காலையில் நீ அந்தப் பேப்பரை மடித்து எடுத்துக்கொண்டு எங்கள் வீட்டு வாசலில் நின்றாய்.

"படி" என்றாய்.

"இதுல இன்னா படிக்கிறது?"

"ஒரு புள்ளி இருக்குதான்னு பாருடா."

இல்லை. நான் பேப்பரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ஒரு புள்ளிகூட இல்லை. உன் தங்கச்சி இருவருக்கும் டீ கொண்டுவந்து வைத்துவிட்டு, விழுப்புரத்துக்கு எப்போது கிளம்புகிறாய் என்று உன்னைக் கேட்டாள். "அங்க எவன் போவான்" என்றாய்.

காது குத்துக்கு எல்லாரும் நம் வேனிலேயே போனோம். வழியில் நிறுத்திய இடத்திலெல்லாம் இருவரும் இறங்கி அடியில் எட்டிப் பார்த்தோம், பெண்கள் தலையில் அடித்துக்கொண்டார்கள். பெரியவள் உன் மடியில் உட்கார்ந்து போட்ட கூச்சல் கோயில் முழுக்கக் கேட்டது. நீயும் அழுதாய், இல்லை என்று சொல்லாதே.

அதற்குப் பிறகு ஆயில் ஊற்றியவன் மற்றவன் வீட்டு வாசலில் நின்று "ஊத்திட்டேன்" என்று குரல் கொடுத்துவிட்டுத்தான் போக வேண்டும் என்று வைத்துக்கொண்டோம். தெருவில் சிரித்தார்கள். பின்னாளில் வேனை விற்ற பிறகும் நாம் அதை விடவில்லை. வயல் விஷயம், பிள்ளைகள் விஷயம், வீட்டில் சண்டை, எதுவானாலும் நீ வந்து சொல்லிவிடுவாய். நானும் சொல்லிவிடுவேன்.

கடைசியாக நீ வந்து சொன்னது ஒரு செவ்வாய்க்கிழமை காலை. உள்ளே வரவில்லை. "டேய், வெளிய வா" என்றாய்.

"வயித்துல கட்டியாம். எடுக்குற மாதிரி இல்லன்னு சொல்லிட்டாங்க. வூட்ல இன்னும் சொல்லல. ஒங்கிட்டதான் மொதல்ல."

"எப்போ தெரியும்?"

"நேத்து சாயந்தரம்."

ஓர் இரவுதான் நீ அதைத் தனியாக வைத்திருந்தாய். பிறகு எட்டு மாதம் இருந்தாய். ஆஸ்பத்திரிக்கு ஒவ்வொரு முறையும் உன்னோடு பஸ்ஸில் வந்தேன். உடம்பு கொஞ்சம் தேறிய நாட்களில் பனித்திட்டுக் கடற்கரைக்குப் போய் உட்கார்ந்தோம். ஒரு நாள் உன் முன்னாலேயே அழுதுவிட்டேன், நீ என்னைக் கண்டபடி திட்டினாய். கேட்க வேண்டியதையெல்லாம் கேட்டேன், நீயும் கேட்டாய்.

நீ போன அன்று, உனக்கு நோவு என்றே தெரியாத ஊர்க்காரர்களெல்லாம் வந்து, "இப்படித் திடீர்னு போயிட்டாரே" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்கள். எனக்கு அது திடீரென்று இல்லை மச்சான். நீ சொல்லாமல் இருந்திருந்தால் அந்த எட்டு மாதத்தையும் எப்போதும்போல் இருப்பாய் என்று நினைத்து டீக்கடையில் வீணாக்கியிருப்பேன். நீ சொன்னாய். அதனால் அந்த எட்டு மாதம் எனக்குக் கிடைத்தது, இன்னும் அது என்னிடம் இருக்கிறது.